அறுவடைக்குப் போனவளின் அட்டை

உண்ணுகின்ற தட்டைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு இங்கே வாருங்கள். மலை நகரத்துப் பல்கலைக்கழகத்தின் உணவுக்கூட வாசலில், பச்சைப் பூச்சு உரிந்த இந்தச் சுவரின் முன்னால் வந்து நில்லுங்கள். ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. 'பயனாளிகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டோர்' என்று தலைப்பு. கீழே பதினொரு பெயர்கள். பதினொருவரும் மேல்மலைக் கிராமங்களின் பிள்ளைகள். பதினொருவரும் மே மாதத்தில் மண்ணைக் கிளறி உருளைக்கிழங்கு எடுக்க ஊருக்குப் போனவர்கள். எடுத்த கிழங்கு இந்தக் கூடத்து அண்டாக்களில் வெந்துகொண்டிருக்கிறது. எடுத்த கைகளுக்கு இனி இங்கே தட்டு இல்லை. இது அநீதி என்று உங்களுக்குத் தோன்றினால், அந்தச் சினத்தில் பாதியை மட்டும் இப்போது செலவழியுங்கள். ஏனென்றால் ஏழாவது பெயரின் நேர் எதிரே ஒரு பெண் நின்றுகொண்டிருக்கிறாள். அந்தப் பெயரை அடித்த பேனாவுக்கு மை ஊற்றியது அவள் நாக்கு.

அவள் பெயர் எர்லிண்டா. ஆசிரியர் பயிற்சித் துறையில் மூன்றாம் ஆண்டு. அன்று வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாடு முடியப்போகும் நேரம். அவள் கையில் சொந்தக் கரண்டி. கூடத்துக் கரண்டிகள் பருவத் தொடக்கத்திலேயே காணாமற்போய்விடுவதால், இங்கே ஒவ்வொருவரும் புத்தகத்தோடு ஒரு கரண்டியையும் பையில் சுமப்பார்கள். ஏழாவது வரியை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். யோவானா சுல்கா, வேளாண்மைத் துறை. காரணம்: அட்டையைப் பேணாமை, தொடர்ந்து மூன்று நாள் வராமை.

"என்னம்மா, பேரப் படிச்சா வயிறு ரொம்பிருமா? நகரு, எங்களுக்கும் பசிக்குது," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவள் நகர்ந்தாள். உள்ளே போனாள். பார்லிக் கஞ்சியும் சோறும் தோலோடு வேகவைத்த இரண்டு கிழங்குகளும் வாங்கி, ஒரு பருக்கை மிச்சமின்றிச் சாப்பிட்டாள். துக்கம் தொண்டையை அடைத்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அடைக்கவில்லை. கிழங்கு நன்றாக இறங்கியது. பின்னாளில் அவளை மிக வருத்தியது அதுதான்.

எர்லிண்டாவும் யோவானாவும் மூன்று ஆண்டுகளாக ஒரே அறையில் குடியிருந்தார்கள். வீட்டுக்காரம்மாளின் முதற்கட்டளை, அறையில் எண்ணெய் காயக்கூடாது என்பது. மாடியில் உலரும் துணியில் வாடை ஏறிவிடுமாம். ஆகவே அவர்களுடைய சமையலில் பொரியலும் இல்லை, வறுவலும் இல்லை, எல்லாம் அவியல். கவிழ்த்த பழப்பெட்டியின் மேல் ஒற்றை அடுப்பு, அதன் மேல் ஒரே ஒரு பானை. அந்த மலை உயரத்தில் பயறு வகை எதுவும் எளிதில் வேகாது. எரிவாயு பாதி தீர்ந்தபின்னும் பல்லில் கல்லாய்க் கடிபடும். முதலாண்டின் முதல் மாதத்திலேயே அவர்கள் கற்ற பாடம் அது. கூடம் திறந்திருக்கும் ஐந்து நாளும் அங்கே சாப்பாடு. சனியும் ஞாயிறும் அறையில். அந்த இரண்டு நாட்களைக் கடத்தியது யோவானாவின் மூட்டை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவளுடைய அம்மா பேருந்தில் ஏற்றிவிடும் அந்த மூட்டையில் கிழங்கு இருக்கும். பனியில் உறையவிட்டுக் காலால் மிதித்துக் காயவைத்த கறுப்புக் கிழங்கான சுன்யோ இருக்கும். வைக்கோலில் சுற்றிய பாலாடைக்கட்டி இருக்கும். எர்லிண்டாவுக்கு மூட்டை வராது. அவளுடைய குடும்ப நிலம் என்றோ கைமாறிப் போயிற்று. அம்மா கடற்கரை நகரத்தில் யாரோ ஒருவர் வீட்டு அடுப்படியில் வேலை செய்கிறாள்.

முதல் மூட்டை வந்த நாளில் யோவானா அதைத் தன் கட்டிலடியில் தள்ளவில்லை. அறையின் நட்டநடுவில் வைத்து அவிழ்த்தாள்.

"ரெண்டு பானை வச்சா ரெண்டு மடங்கு கேஸ் போகும். ஒரே பானையா வப்போம். நீ உப்பு வாங்கிட்டு வா."

"உப்பு மட்டும் போதுமா?"

"ஒன் மூஞ்சியக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வச்சிக்க. அதுவும் சேத்திதான்."

அன்றுமுதல் எர்லிண்டா உப்பு வாங்கினாள். மூன்று ஆண்டுகளின் சனிக்கிழமைகளையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் அந்த உப்பைப் போட்டே உண்டாள்.

மேல்மலையில் அறுவடை தனியாள் வேலையன்று. அதற்கு ஐனி என்று பெயர். இன்று நான் உன் வயலில் குனிந்தால் நாளை நீ என் வயலில் குனிவாய். வராத வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். அந்த வீட்டின் கிழங்கு மண்ணிலேயே அழுகும். யோவானாவின் அப்பா சுரங்கத்தில். அம்மா ஒற்றை ஆள். ஆகவே ஆண்டுதோறும் மே மாதத்தில் இரண்டு வாரம் யோவானாவின் முதுகு ஊரார் வயல்களுக்குச் சொந்தம். உணவுக்கூடத்தின் விதியோ வேறு. ஆளுக்கு ஓர் அட்டை, நாளுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு துளை. தொடர்ந்து மூன்று கட்டம் காலியாக இருந்தால் பெயர் போய்விடும். ஏழை மாணவருக்கென்று கட்டிய கூடம் இது. ஏழைக்கு நிலம் இருக்கலாம், நிலத்தில் பயிர் இருக்கலாம், பயிருக்கு ஒரு மாதம் இருக்கலாம் என்பது மட்டும் அந்த விதியை எழுதியவர்களின் நினைவுக்கு வரவில்லை. மண்வெட்டியின் காம்பை ஒருநாளும் பிடித்தறியாத கை எழுதிய விதி அது.

விதிக்கு மாணவர்கள் கண்ட மாற்று ஒன்று உண்டு. ஊருக்குப் போகிறவர் தம் அட்டையை இருக்கிறவரிடம் விட்டுப்போவார். இருக்கிறவர் இரண்டு முறை வரிசையில் நிற்பார். எல்லாரும் செய்தது, யாரும் பேசாதது. யோவானாவும் பேருந்து நிலையத்தில் வைத்து அட்டையை எர்லிண்டாவின் உள்ளங்கையில் அழுத்தினாள்.

"மொதல்ல ஒன் கார்டுல போ. அப்பறம் தொப்பியக் கழட்டிட்டு என் கார்டுல போ. தோன் ஃபாபியான் தலைய நிமித்தவே மாட்டாரு, மனுசனுக்கு ஓட்டை போடுறதுதான் தெரியும்."

"மாட்டிக்கிட்டேன்னா?"

"ரெண்டு கார்டும் போயிரும். அதனால மாட்டிக்காத." சிரித்தாள். பேருந்துப் படியில் கால் வைத்தவள் திரும்பினாள். "என் பங்குச் சாப்பாட்டப் பின்வாசல்ல நிக்கிறவங்க யாருக்காச்சும் குடுத்துருடி. வீணாக்கிராத."

பின்வாசலில் நிற்பவர்கள் அட்டை கிடைக்காதவர்கள். அண்டாவின் அடியில் ஏதேனும் மிஞ்சினால் தங்கள் தூக்குவாளியில் வாங்கிப்போகக் காத்திருப்பார்கள்.

திங்களும் செவ்வாயும் எர்லிண்டா சொன்னபடி செய்தாள். இரண்டாம் முறை வாங்கிய சாப்பாட்டைப் பின்வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தாள். புதன்கிழமை ஆட்டிறைச்சி. சால்வைக்குள் மறைத்த தூக்குவாளியின் சூடு அவள் விலாவில் பட்டது. பின்வாசலுக்குப் போகும் வளைவில் கால்கள் ஒரு கணம் நின்றன. பிறகு தாமாகவே அறைப்பக்கம் திரும்பின. மாலையில் அந்த இறைச்சியைத் தின்றுகொண்டே ஒரு பாடத்தை முழுவதும் படித்து முடித்தாள். பசி நடுவில் வந்து எழுப்பாமல் ஒரு பாடத்தை முடிக்க முடியும் என்பதே இருபத்தொரு வயதில் அவளுக்குப் புதிய செய்தியாயிருந்தது. பின்வாசலுக்கு அவள் பிறகு போகவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை மேல்மலை முகட்டில் கருமேகம் திரண்டது. மழை பெய்தால் அறுவடை தள்ளிப்போகும். அறுவடை தள்ளிப்போனால் யோவானா வர இன்னும் இரண்டு நாளாகும். பெய்யட்டுமே என்று அவள் நினைத்தாள். அடுத்தவர் கிழங்கின் மேல் மழை பெய்யட்டும் என்று நினைத்த தன் மனத்தைப் பார்த்துத் திடுக்கிட்டாள். திடுக்கிட்டும் அந்த நினைப்பைத் திரும்ப அழைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் புதன்கிழமை. அன்று, அட்டைகளில் துளை போடும் முதியவர் தோன் ஃபாபியானுக்கு முழங்கால் வீக்கம். அவருடைய மேசையில் மாணவர் நலப்பிரிவின் புதிய அதிகாரி கிராசியேலா அமர்ந்திருந்தார். அவர் துளை போடுமுன் நிமிர்ந்து பார்க்கிறவர். இரண்டாம் முறை வந்த எர்லிண்டாவின் முகத்தையும் அட்டையின் புகைப்படத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இந்தப் போட்டோவுல இருக்கறது நீதானா?"

புகைப்படத்தில் யோவானாவின் இரட்டைச் சடை தெரிந்தது. படம் எடுத்த அன்று காலையில் அந்தச் சடையைப் பின்னிவிட்டவள் எர்லிண்டா.

"நான் இல்லம்மா."

"அப்ப யாரு?"

"தெரியாதும்மா. பெஞ்சுக்கு அடியில கெடந்துச்சு. ஒங்ககிட்ட ஒப்படைக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன்."

எத்தனை நேர்த்தியாக வந்தது பாருங்கள். ஒத்திகை பார்க்காத பொய். கிராசியேலாவின் முகம் மலர்ந்தது.

"இந்தக் காலத்துலயும் இப்படி ஒரு பிள்ளை. ஒன் பேரச் சொல்லும்மா, நாலு பேருக்குத் தெரியட்டும்."

மறுநாளே அறிவிப்புப் பலகையில் பச்சை மையில் ஒரு தாள் ஏறியது: 'கண்டெடுத்த உணவு அட்டையை ஒப்படைத்த நேர்மையான மாணவி எர்லிண்டா பாலோமினோவுக்குப் பாராட்டு.' யோவானாவின் அட்டையோ மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைக்கப்பட்டது, முகம் வரிசையைப் பார்க்கும்படி. உரியவர் மூன்று நாளுக்குள் பெற்றுக்கொள்ள வேண்டும். புதன், வியாழன், வெள்ளி. அந்தக் கண்ணாடியின் மேலேதான் எர்லிண்டா ஒவ்வொரு நாளும் தன் அட்டையை வைத்துத் துளை வாங்கினாள். ஒரு சொல் போதுமாயிருந்தது. சொன்னால் தன் அட்டையும் போய்விடுமே என்று கணக்கிட்டாள். வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டப்பட்டது. அதன் முன்னால் அவள் நின்றதைத்தான் நீங்கள் முதலில் பார்த்தீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை யோவானா வந்து இறங்கினாள். முதுகில் மூட்டை, விரல் வெடிப்புகளில் மண். பேருந்து நிலையத்திலேயே ஒரு துணி முடிச்சை அவிழ்த்தாள். வயல்நடுவே மண்கட்டிகளை அடுக்கிச் சூடாக்கி, உள்ளே கிழங்கைப் போட்டு இடித்து மூடிச் சுட்டது.

"கருகாததாப் பாத்து ஒனக்குன்னு பொறுக்கி எடுத்தேன். தின்னு. அம்மா ஒன்ன எப்ப ஊருக்குக் கூட்டிட்டு வரப்போறேன்னு கேட்டாங்க."

எர்லிண்டா கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டாள். "ஒன் கார்டப் புடுங்கிட்டாங்கடி."

"யாரு?"

"புது அதிகாரி. போட்டோவப் பாத்துட்டாங்க."

யோவானாவின் முகம் ஒரு கணம் சுருங்கியது. அடுத்த கணம் அவள் கேட்டது இது: "ஒன்னோடது?"

"இருக்கு."

"அப்பாடா. ஒண்ணாச்சும் தப்பிச்சுதே." மூட்டையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு முன்னே நடந்தாள்.

அந்த 'அப்பாடா' எர்லிண்டாவின் முதுகில் விழுந்த எந்த அடியையும்விடக் கனமாயிருந்தது. திட்டியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பாள். தனக்காக ஒருத்தி மூச்சுவிட்டு ஆறுதல் அடைந்தபோது வாயைத் திறக்க முடியவில்லை.

திங்கட்கிழமை யோவானா உணவுக்கூடத்துக்கு விசாரிக்கப் போனாள். திரும்பி வந்து அடுப்பை மூட்டினாள். எர்லிண்டா வகுப்பு முடிந்து வந்தபோது அவள் ஊறிய சுன்யோவைப் பிழிந்து தோலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்து அழகா இருக்குடி," என்றாள் தலை நிமிராமல். "பச்சை மையில எழுதியிருக்காங்க ஒன் பேர."

எர்லிண்டா வாசலிலேயே நின்றாள்.

"எங்க கெடந்துச்சுன்னு சொன்ன?"

"பெஞ்சுக்கு அடியில."

"பெஞ்சுக்கு அடியில." யோவானா இன்னொரு கிழங்கை எடுத்தாள். பிழிந்தாள். கறுப்புத் தண்ணீர் விரலிடுக்கில் வழிந்தது. "பின்வாசல்ல ஒருத்தி கேட்டா, ரெண்டு நாள் குடுத்த ஒன் அறைக்காரப் பொண்ணு அப்பறம் ஏன் வரலன்னு. ஒடம்பு சரியில்லாம இருந்திருக்கும்னு சொன்னேன்."

பானை கொதித்தது. யோவானா தட்டுகளில் பரிமாறினாள். இரண்டிலும் சமமாக. கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. "ஆறிரும். சாப்பிடு," என்றாள். பாதி சாப்பிட்டபின், செய்தி சொல்வதுபோல் சொன்னாள்: "கோழி சுடுற கடையில ஆள் கேக்குறாங்க. புதன்ல இருந்து வரச் சொன்னாங்க. மதியச் சாப்பாடு அங்கயே."

"மதியம் ஒனக்கு மண் ஆய்வு வகுப்பாச்சே."

"ஆமா."

"வகுப்பு போனா வருசம் போயிரும்."

"சோறு போனாலும் போகும்டி." அவள் எழுந்து தட்டைக் கழுவப் போனாள். நீ என்னைத் தெரியாது என்று சொன்னாயா என்று அவள் கேட்கவே இல்லை. கேட்காதது அந்த அறையில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்துகொண்டது.

செவ்வாய்க்கிழமை காலை எர்லிண்டா நலப்பிரிவு அலுவலகத்துக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கிராசியேலா கதவைச் சாத்தினார். கோபப்படவில்லை, அன்பாகவே பேசினார்.

"இத நீ சொல்லவும் இல்ல, நான் கேக்கவும் இல்ல. எழுதிக் குடுத்தா ஒன் கார்டையும் நான் எடுக்கணும். பாராட்டுல கையெழுத்துப் போட்டது நான். என்னையும் கேப்பாங்க. நல்ல பேரு வந்திருக்கு, வச்சிக்கிட்டுப் போம்மா."

"யோவானா அறுவடைக்குத்தான் போனா."

"விதியில அறுவடைன்னு ஒரு வார்த்தை இருக்கா? காட்டு பாப்போம்."

இல்லை. தேடினாலும் கிடைக்காது. வெளியே வந்தவள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து உணவுக்கூடத்துப் படியில் உட்கார்ந்து எழுதினாள். அதை ஒட்டப் போகும்போது, முழங்காலில் கம்பளி சுற்றிக்கொண்டு மேசைக்குத் திரும்பியிருந்த தோன் ஃபாபியான் கூப்பிட்டார். தாளை வாங்கிப் படித்தார்.

"ஏம்மா, முப்பது வருசமா நான் தலைய நிமித்தலையே, ஏன்னு நெனச்ச? கண்ணு தெரியாமலா?"

அவள் தாளுக்காகக் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை.

"எனக்கும் மேல்மலையில நெலம் இருந்துச்சு. நீ இத ஒட்டுனா நாளையில இருந்து நிமிந்து பாருன்னு எனக்கு உத்தரவு வரும். ஒனக்கு மனசு லேசாயிரும். மத்தவங்க கார்டெல்லாம் போயிரும். யோசிச்சியா?"

யோசிக்கவில்லை. தன் பாவத்தை இறக்கிவைப்பதில்கூட அடுத்தவர் தட்டு கவிழ்கிறது என்பதை அவள் நினைத்துப் பார்க்கவில்லை. தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டால் பதினொரு பேர் பசிப்பார்கள். திறந்தால், ஒருத்தி மட்டும் திறந்தால், இன்னும் பலர் பசிப்பார்கள். மற்றவர்களும் திறந்தால்? கருணை என்று ஒரு முதியவர் தலைகுனிந்து கொடுத்து வந்ததை, உரிமை என்று எல்லாரும் தலைநிமிர்ந்து கேட்டால்? அவள் பேனாவை எடுத்துத் தாளின் கீழே இன்னும் ஒரு வரி சேர்த்தாள். பிறகு நீக்கப்பட்டோர் பட்டியலுக்குப் பக்கத்தில், கண் மட்டத்தில் அதை ஒட்டினாள்.

'யோவானா சுல்காவின் அட்டை கீழே கிடக்கவில்லை. என்னை நம்பி அவள் கொடுத்தது. அவள் அறுவடைக்குப் போயிருந்தாள். அவளை எனக்குத் தெரியாது என்று சொன்னேன். என் தட்டு போய்விடும் என்று பயந்து சொன்னேன். அவள் மூட்டையிலிருந்து மூன்று ஆண்டுகள் சாப்பிட்டிருக்கிறேன். அவள் பெயர் இல்லாத பயனாளிகள் பட்டியலில் என் பெயர் வேண்டாம். எர்லிண்டா பாலோமினோ. அறுவடைக்குப் போனவருக்காக இரண்டு முறை வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் கீழே கையெழுத்திடுங்கள்.'

கம்பளி நூலில் பேனாவைக் கட்டி ஆணியில் தொங்கவிட்டாள். நண்பகல் மணி அடித்தது. அறுநூறு பேர் வரிசை சுவரோரம் ஊர்ந்து வந்தது. ஒருவன் சத்தமாகப் படித்தான். "பைத்தியக்காரி, எல்லாரையும் சேத்து மாட்டிவிட்டுட்டா," என்றாள் ஒருத்தி. இன்னொருவன் ஒன்றும் சொல்லாமல் கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான். எர்லிண்டா வரிசையில் சேரவில்லை. கூடத்தைச் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். அங்கே, தூக்குவாளியோடு நின்ற கூட்டத்தின் கடைசியில் யோவானா நின்றிருந்தாள். எர்லிண்டா அவளுக்குப் பின்னால் போய் நின்றாள். யோவானா திரும்பிப் பார்த்தாள், பார்வையை எடுத்துக்கொண்டாள், ஆனால் இருவருக்கும் இடமிருக்கும்படி அரையடி முன்னே நகர்ந்தாள்.

முன்வாசலில் நூல் காற்றில் ஆடுகிறது. தாளின் கீழ்ப்பாதி இன்னும் வெறுமையாக இருக்கிறது. ஒரு கையெழுத்து நின்றால் அது ஒருத்தியின் தண்டனை. அறுநூறு நின்றால் அது ஒரு விதியின் முடிவு. மே மாதத்து மூட்டையிலிருந்து ஒரு கிழங்காவது தின்றவர்களே, உங்கள் ஊர்க் கல்லூரியிலும் ஒரு சாப்பாட்டுக்கூடம் இருக்கிறது, அதற்கும் ஒரு பெயர்ப்பட்டியல் இருக்கிறது. நாளை நண்பகலில் தனியாகப் போகாதீர்கள். பக்கத்து அறைக்காரரையும் அழைத்துக்கொண்டு போங்கள். அறுவடைக்குப் போனவர்களில் எத்தனை பேரின் பெயரை அடித்தீர்கள் என்று கேளுங்கள். அடித்த பெயர்களை உங்கள் கண்ணெதிரே திரும்ப எழுதும்வரை அந்த வாசலை விட்டு நகராதீர்கள்.